இருபத்து மூன்று நல்ல தண்ணி

மாதேஸ்வரனால் அந்த நாற்காலியில் உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. சங்ககிரி பைபாஸில் லாரிகளுக்கு ஜி.பி.எஸ். மாட்டித் தரும் கடை அது. வந்து அரை மணி நேரத்தில் மூன்று டீ சொல்லி, மூன்றையும் ஆறவிட்டுவிட்டார். சொந்த போர்வெல் ரிக் வண்டியோடு ஆறு மாநிலம் சுற்றிய மனிதருக்கு, பத்தடிக் கடைக்குள் இருப்புக்கொள்ளவில்லை.

மேசை மேல் அவருடைய காரில் இருந்த பழைய ஜி.பி.எஸ். பெட்டி கிடந்தது. கடைக்காரப் பெண் அஃபீபா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பேட்டரி உப்பிடுச்சுங்கண்ணா. ஒயர்ல வர்ற கரண்ட்லதான் ஓடுது, ஒயரும் லூசு. யாராச்சும் அமுத்திப் புடிச்சாத்தான் நிக்கும். நடுவுல அணைஞ்சா மறுபடி உசுரு வருமான்னு சொல்ல முடியாதுங்க."

"நான் புடிக்கிறேன்," என்றாள் உண்ணாமலை. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒயர் நுழையும் இடத்தில் கட்டை விரலை வைத்தாள். திரையில் ஒளி அணையாமல் நின்றது.

வாழப்பாடியிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். அவள் புருஷன் காத்தான் மாதேஸ்வரனின் ரிக்கில் பதினோரு வருஷம் வேலை செய்தவன். கொரோனா இரண்டாம் அலையில், மத்தியப் பிரதேசத்திலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும் வழியில் காய்ச்சலில் போய்விட்டான். எந்த ஊரிலும் உடலை உள்ளே விடவில்லை. கூட இருந்த நான்கு ஒடிசாக்காரர்கள் ரோட்டோரம் குழி வெட்டிப் புதைத்தார்கள். அந்த நால்வரும் வேறு வேறு வண்டிகளுக்குப் போய்விட்டார்கள், இன்று ஒருவர் நம்பரும் கிடையாது. மகள் வித்யாவுக்கு ஆவணியில் கல்யாணம். அதற்கு முன்னால் அவன் கிடக்கிற இடத்தில் ஒரு சொம்பு பால் ஊற்றிவிட்டு வர வேண்டும் என்று உண்ணாமலை தம்பியோடு ஞாயிற்றுக்கிழமைக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள். இடம் எதுவென்று இந்த உலகத்தில் சொல்லக்கூடியது இந்தப் பெட்டி ஒன்றுதான்.

இடம் கிடைக்காவிட்டால் அவளுக்கு நஷ்டம். கிடைத்துவிட்டால் தனக்கு என்பது மாதேஸ்வரனின் கவலை. துக்கம் விசாரிக்கப் போனபோது, "நானே மூணு கை மண்ணு அள்ளிப் போட்டனுங்கோ" என்று அவள் வீட்டு வாசலில் நின்று ஊர் கேட்கச் சொன்னவர் அவர். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவள் ஐந்து வருஷமாக மனதைத் தேற்றிக்கொண்டாள். அது முழுப் பொய்.

அஃபீபா பெட்டியின் பட்டியலைத் திறந்தாள். திறந்தவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்கண்ணா இது. இருவத்தி மூணு எடம் இருக்குது. இருவத்தி மூணுக்கும் 'நல்ல தண்ணி'ன்னே பேரு வச்சிருக்கீங்க."

ரிக்காரர்களின் வழக்கம் அது. காரில் ஜி.பி.எஸ். முன்னால் போகும், ரிக் பின்னால் வரும். முன்னால் போகிற பெட்டிக்குள் கெட்ட பேர் எதுவும் ஏறக்கூடாது. புகை வந்த குழியை, அதாவது தண்ணீர் வராமல் வெறும் தூசி கிளம்பிய போரை, அதில் குறிக்கவே மாட்டார்கள். தண்ணீர் வந்த இடத்தை மட்டும் குறித்து 'நல்ல தண்ணி' என்று போடுவார்கள். காத்தானைப் புதைத்த இடத்துக்கும் மாதேஸ்வரன் அந்தப் பேரைத்தான் போட்டார். பெட்டியில் சாவை எழுத அவருக்குக் கை வரவில்லை.

"ஒரே பேரா இருந்தா போனுக்குக் காப்பி எடுக்கறப்ப ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும், கடைசில ஒண்ணுதான் மிஞ்சும்," என்றாள் அஃபீபா. "ஒவ்வொண்ணுக்கும் வேற பேரு போட்டுட்டுத்தான் எடுக்கோணும். சொல்லுங்க, இது எது? அனந்தப்பூர் பக்கம்."

மாதேஸ்வரன் எட்டிப் பார்த்தார். "கடலக்காடு. நானூத்தி எம்பது அடி, ரெண்டு இஞ்சு தண்ணி. காட்டுக்காரரு கால்ல உளுந்துட்டாரு."

"இது?"

"ராய்ச்சூரு. எழுநூறு தாண்டியும் புகை. நிறுத்தலாம்னேன், காத்தான்தான் இன்னும் ரெண்டு ராடு எறக்கலாம்னான். எறக்குனோம், பீறிக்கிட்டு வந்துச்சு."

உண்ணாமலை விரலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் பேர் வந்த இடத்தில் லேசாகச் சிரித்தாள். மாதேஸ்வரனுக்கும் பேச்சு சூடு பிடித்தது. நாந்தேடு, அதிலாபாத், நாக்பூர் என்று வரைபடம் வடக்கே நகர நகர, அடிக்கணக்கும் இஞ்சுக்கணக்கும் மழையாகக் கொட்டின. எந்தத் தோட்டத்தில் மோர் கொடுத்தார்கள், எந்த வீட்டில் நாய் துரத்தியது என்பது வரை அவருக்கு நினைவிருந்தது. இப்படியே பேசிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்று அற்பமாக ஓர் ஆசை கூட வந்தது. அஃபீபா ஒவ்வொன்றாகப் பேர் மாற்றி அடித்துக்கொண்டே வந்தாள்.

"இது?" என்றாள். நாக்பூருக்கும் வடக்கே, காட்டு வழி.

மாதேஸ்வரன் பார்த்தார். சொல்ல அடி இல்லை, இஞ்சு இல்லை, ஒரு மனிதர் முகம் இல்லை.

"அதான்," என்றாள் உண்ணாமலை.

அஃபீபா படத்தைப் பெரிதாக்கினாள். புருவத்தைச் சுருக்கினாள். கெட்ட எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை, வேலையில் கண்ணான பெண், அவ்வளவுதான். "மத்ததெல்லாம் ரோட்ட உட்டுத் தள்ளித் தோட்டம் காட்டுக்குள்ள இருக்குதுங்கண்ணா. நீங்க காரோட உள்ள போயித்தான குறிச்சிருக்கீங்க. இது மட்டும் ரோட்டு மேலயே நிக்குது."

உண்ணாமலை குனிந்து திரையைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ரோடு, அதன் மேல் சிவப்பாக ஒரு புள்ளி. பிறகு மாதேஸ்வரனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கார ரோட்ட விட்டு எறக்கல. நீங்க கார விட்டு எறங்கவே இல்லையா மொதலாளி?"

குரலை உயர்த்தியிருந்தால் அவரும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். பெட்டி சரியாகக் காட்டவில்லை என்று சாதித்திருக்கலாம், பழைய பெட்டிதானே. அதற்கான வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்தன.

"எறங்கலீங்க," என்றார். ஊர் கேட்க அல்லாமல், காத்தானின் பெண்டாட்டியிடமே அவர் மரியாதை வைத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "கண்ணாடியக்கூட எறக்கலீங்க. வண்டிய ஆப் பண்ணாம உக்காந்திருந்தேன். அவனத் தொட்ட காத்து உள்ள வந்துரும்னு பயமுங்க எனக்கு. பொத்தான அமுத்திட்டுக் கெளம்பிட்டேன்."

வெளியே லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனது. உண்ணாமலையின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்க ஒரு கை சும்மாதான் இருந்தது, அவள் துடைக்கவில்லை. இவ்வளவு நாள் அந்த மூன்று கை மண்ணை மனதுக்குள் இவர் கையில் வைத்துப் பார்த்து அழுதிருக்கிறாள். மாதேஸ்வரனுக்கு அவள் திட்டினால் தேவலை போலிருந்தது.

அவள் திட்டவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் காடா இருக்குது. எந்தப் பக்கம் பொதச்சாங்க? நான் எங்கன்னு பால ஊத்தறது?"

மாதேஸ்வரன் கண்ணை மூடினார். குழியை அவர் பார்க்கவில்லை. உடலை இறக்கியதைப் பார்க்கவில்லை. மண்வெட்டிச் சத்தம்கூட அடைத்த கண்ணாடிக்குள் கேட்கவில்லை. அவர்கள் புதைத்த அந்த அரை மணி நேரம் முழுக்க எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தேடினார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்து வலப்பக்கமாகக் கடக்கும் லாரிகளின் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

"நம்மூரப் பாத்துக் கார் நின்னுச்சு," என்றார். "நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டது வலது பக்கமுங்க. அப்ப அவன் எடது பக்கம்."

அஃபீபா அதைத் திருப்பிக் கேட்காமல், அந்தப் புள்ளிக்குப் பேராக அவர் சொன்னபடியே அடித்தாள்.