ஏ.சி. நல்லாத்தான் இருக்கு

அந்த வீட்டில் ஏ.சி. ஓடுகிறதா என்று கேட்டால் ஓடுகிறது. விளக்கு எரியும், காற்று வரும் தகடு மேலும் கீழும் அசையும், உள்ளே ஏதோ ஒன்று அரிசி களைகிற மாதிரி சலசலக்கும். குளிர்கிறதா என்று கேட்டால்தான் சண்டை.

"குளிரலை" என்பது அக்காவின் கட்சி. "நல்லாத்தான் இருக்கு" என்பது அவள் கணவரின் கட்சி. நடுவில் நின்று தீர்த்துவைக்க மூன்றாவது ஆள் கிடையாது. இருந்த ஒரே மகளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

அக்கா என்றால் லேப் அக்கா. ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் இடத்தில் வேலை. அவளைவிட மூத்த பெரிய டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார், நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம். காலையில் போனதும் அவளுடைய முதல் வேலை, மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ்களின் தெர்மாமீட்டரைப் பார்ப்பது. ஒரு நாள் ஒரு ஃப்ரிட்ஜில் கொஞ்சம் சூடு ஏறியிருந்தது. "சார், ஓரத்துல இருக்கிற ஃப்ரிட்ஜ் சரியில்லை" என்று டாக்டரிடம் சொன்னாள். அவர் எழுந்துகூட வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே போனை எடுத்து, "எங்க லேப் அக்கா சொல்லிட்டாங்க, வேற அனுப்புங்க" என்றார். சாயங்காலத்துக்குள் புது ஃப்ரிட்ஜ் வந்து நின்றது. உங்களுக்கு என்ன வயசாகிறது என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை.

வீட்டில் கதை வேறு. அவள் கணவர், விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதும் சர்வேயர். கார்க்காரன், "சார், கதவே போச்சு, புதுசுதான் போடணும்" என்று அழாத குறையாகச் சொல்வான். சர்வேயர் குனிந்து பார்ப்பார். விரலால் தட்டுவார். "தட்டி எடுத்து பெயின்ட் அடிச்சாப் போதும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். மாற்றுவது என்ற பேச்சே அவருக்கு ஆகாது. கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. அக்காவுக்குத் தலைவலி என்றால் அவரே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் ஒரு பொருள் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால், சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்ற இடத்திலிருந்துதான் அவர் மூளை வேலையைத் தொடங்கும்.

இதில் பெரிய கொடுமை, அந்த ஏ.சி.க்குக் கீழே அவர் படுப்பதே இல்லை. அந்தக் காற்று மூக்கை அடைக்கிறதாம். ஹாலில் ஃபேனுக்கு அடியில் கட்டிலைப் போட்டு, வீடே அதிரக் குறட்டை விட்டுத் தூங்குவார். ஆக, வேகிறவள் ஒருத்தி, தீர்ப்புச் சொல்கிறவர் இன்னொருத்தர்.

"ஏங்க, வெறும் காத்துதாங்க வருது. வந்து பாருங்க" என்பாள் அக்கா.

அவர் வந்து அறை வாசலில் நிற்பார். கையை நீட்டுவார். "ஜில்லுன்னு இருக்கேம்மா!"

"கொதிக்கிற ஹால்ல இருந்து வந்தா எது வேணா ஜில்லுன்னுதான் இருக்கும். அரை மணி நேரம் படுத்துப் பாருங்க, தெரியும்."

"எனக்கு மூக்கு அடைக்கும்."

அத்தோடு விசாரணை முடிந்தது.

அப்படியும் எப்படியாவது அவரை வழிக்குக் கொண்டுவந்திருப்பாள். நடுவில் ஒரு தப்பு செய்துவிட்டாள். என்ன தப்பு? உண்மையைச் சொன்னாள்.

ஒரு நாள் மத்தியானம், லேபில், நல்ல குளிரில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தபோது, நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்ற வைத்த மாதிரி இருந்தது. சூடு கழுத்தில் ஏறி, காதுக்குப் போய், உச்சந்தலையில் வேர்வையாக வழிந்தது. பயந்துபோனாள். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே அடங்கியது. "பீரியட்ஸ் நிக்கிற வயசுக்கா, சில பேருக்கு இப்படித்தான் வரும், போகும். பயப்படாதீங்க" என்றாள் லேடி டாக்டர். அன்று சாயங்காலம் அதைக் கணவரிடம் சொன்னாள். கட்டினவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? மனசு கலங்கியிருந்தது. சரியாயிடும் என்று ஒரு வார்த்தை கேட்க ஆசையாக இருந்தது.

அவர் அந்த வார்த்தையைச் சொல்லத்தான் செய்தார். தலையைக்கூட வருடினார். வருடிக்கொண்டே, ஏ.சி. இருக்கும் அறைப் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"அப்ப விஷயம் இதுதானா?"

"எது?"

"ஏ.சி. நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் உடம்பு…"

அவர் தொழிலில் இதற்கு 'ஏற்கெனவே இருந்த சேதம்' என்று பெயர். கார் இடிபடுவதற்கு முன்பே கதவில் நெளிவு இருந்தது என்று காட்டிவிட்டால் போதும், கம்பெனி கையை உதறிவிடும். அக்கா வலியப் போய் நெளிவைக் காட்டிக் கொடுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவே வழியில்லாமல் போயிற்று. புழுங்குகிறது என்றால் உடம்பு. தூக்கம் வரவில்லை என்றால் உடம்பு. அடுப்படியில் பால் பொங்கி வழிந்தால்கூட, "விடு, உன் உடம்பு அப்படி" என்றார் அந்த மகராசன். மகளிடம் போனில் சொல்லி அழலாம் என்று பார்த்தால், அவர் முந்திக்கொண்டிருந்தார். "அப்பா சொன்னாரும்மா. டென்ஷனைக் குறை. சாயங்காலம் கொஞ்சம் நட" என்றாள் மகள். பெற்ற மகளே இப்படிச் சொன்னதும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டாள்.

இரண்டு சூட்டுக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியாதா என்ன? உள்ளே இருந்து வருவது நெஞ்சில் தொடங்கும், மேலே ஏறும், சீக்கிரம் போய்விடும். ஏ.சி. தருகிற சூடு முதுகில் தொடங்கும். நைட்டி ஒட்டும், தலையணை ஈரமாகும், விடிகிறவரை போகாது. இதை யார் கேட்டாலும் விளக்கமாகச் சொல்லியிருப்பாள். ஒருவரும் கேட்கவில்லை.

லேபில் உபரியாகக் கிடந்த தெர்மாமீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, அறைச் சுவரில் மாட்டினாள். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, தெர்மாமீட்டர் முப்பதைத் தாண்டி நின்றது. இனி எப்படித் தப்பிப்பார் என்று அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். சர்வேயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது ஃப்ரிட்ஜுக்குள்ள வைக்கிறதும்மா. வெளிய மாட்டினா தப்பாத்தான் காட்டும்" என்றார். தெர்மாமீட்டருக்கும் உடம்பு சரியில்லை போலிருக்கிறது.

நச்சரிப்பு தாங்காமல் ஒரு தடவை மெக்கானிக்கை வரவழைத்தார். அந்தப் பாழாய்ப்போன மெஷின் வெளியாள் வந்ததும் நல்ல பிள்ளையாக மாறிவிட்டது. மெக்கானிக் வடிகட்டியைக் கழற்றிக் கழுவிப் போட்டு, சுவிட்சைத் தட்டினான். பனி மாதிரி காற்று. "நல்லா கூல் ஆகுதே சார்" என்றான். சர்வேயர் அவளைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம். மெக்கானிக் பைக்கை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பியிருப்பான், ஏ.சி. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி வெறும் காற்றை ஊத ஆரம்பித்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஹாலுக்குப் போய்ச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

இதைவிட மோசமானது பிறகுதான் நடந்தது. கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினால் யாருக்குமே ஆட்டம் காணும். ஒரு நாள் காலையில் லேபில் ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் கதவை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள். பிறகு பக்கத்து மேஜையில் இருந்த சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, "நீ ஒரு தடவை பாத்துச் சொல்லும்மா" என்றாள். "என்னக்கா, நீங்க பாத்தாச்சுல்ல?" என்று அந்தப் பெண் சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய தன் கண்ணையும் தோலையும் இப்போது இன்னொருத்தியைக் கேட்டு நம்ப வேண்டியிருக்கிறதே என்று அழுகை முட்டியது. அவளுக்குப் புது ஏ.சி.கூட வேண்டாம். நீ சொன்னது சரிதான் என்று அந்த மனிதர் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை வந்தால் போதும்.

இந்த நிலைமையில் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். வீட்டில் ஏ.சி. இருப்பது அந்த ஒரு அறையில்தான். வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டு, அக்கா ஹாலில் பாயைப் போட்டுக் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்தாள்.

காலையில் மாப்பிள்ளை அறையை விட்டு வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. நல்ல பையன், சிடுசிடுக்கத் தெரியாதவர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. அந்த ஏ.சி. சுத்தமா கூல் ஆகலை. மாத்திடுறது நல்லது."

அக்கா சமையலறை வாசலில் தோசைக் கரண்டியோடு நின்றாள். இதோ, இப்போது கையை நீட்டிப் பார்ப்பார், ஜில்லுன்னு இருக்கே என்பார், மாப்பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்பார் என்று காத்திருந்தாள்.

"நானே நெனச்சுக்கிட்டிருந்தேன் மாப்பிள்ளை" என்றார் சர்வேயர். "பழசாயிடுச்சு. இதையெல்லாம் ரிப்பேர் பண்ணிக்கிட்டிருக்கக் கூடாது. கிளம்புங்க, இன்னைக்கே போய்ப் பாத்துடுவோம்."

கரண்டி தரையில் விழுந்தது. அவள் போட்டாளா, நழுவியதா என்று கேட்டால், போட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"நான் இத்தனை நாளா என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்?"

"நீ சொன்னது வேறம்மா."

"என்ன வேற?"

"மாப்பிள்ளைக்கே வேர்த்திருக்குதே!" என்றார் அவர், இதுகூடவா புரியவில்லை என்கிற குரலில். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா!" என்றாள். மாப்பிள்ளை பாவம், யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் பெட்டி வந்து இறங்கியது. மாட்ட வந்தவன் அதே மெக்கானிக். பழையதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். "கேஸ் ரொம்ப நாளாவே கசிஞ்சிருக்கு சார். போட்டதும் கொஞ்ச நேரம் கூல் ஆகும், கம்ப்ரஸர் சூடானதும் நின்னுடும். அப்புறம் வெறும் காத்துதான்."

வெறும் காத்து. அவள் சொன்ன அதே வார்த்தை. அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் புதுப் பெட்டியின் தெர்மாகோல் உடையாமல் எடுப்பதில் மும்முரமாக இருந்தார்.

"கேட்டீங்களா? அப்ப நான் சொன்னது சரிதானே?"

"அதான் மாத்தியாச்சேம்மா. இன்னும் என்ன?"

புதியதை மாட்டி முடித்து, மெக்கானிக் ரிமோட்டை அழுத்தினான். சத்தமே இல்லை. நிஜமான குளிர் அறை முழுக்க இறங்கியது. "அம்மா, நீதான் முதல்ல படுக்கணும். வா" என்று மகள் அவளைக் கையைப் பிடித்துக் கட்டிலுக்கு இழுத்துப் போனாள். போனில் டென்ஷனைக் குறைக்கச் சொன்னதற்குப் பிராயச்சித்தம் போலிருந்தது. அக்கா படுத்தாள். முகத்தில், கழுத்தில், முழங்கையில் குளிர் வந்து உட்கார்ந்தது. ஈரத் துணியைப் போட்ட மாதிரி முதுகு ஆறியது. நான் பொய் சொல்லவில்லை, என் தோல் பொய் சொல்லவில்லை. இத்தனை நாள் கோபத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்றார் சர்வேயர். கண்ணைத் திறந்தாள். கட்டிலைச் சுற்றி அவர், மகள், மாப்பிள்ளை, கையில் ஸ்க்ரூடிரைவரோடு மெக்கானிக். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? நெஞ்சுக்குள் அடுப்பு பற்றிக்கொண்டது.

கழுத்தில் ஏறியது. காதுக்குப் போனது. மூச்சை அடக்கிப் பார்த்தாள், அடங்கவில்லை. ஏ.சி. கெட்டுப்போயிருந்ததும் உண்மை, உள்ளே எரிவதும் உண்மை. ஆனால் இந்த வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு உண்மைக்குத்தான் இடம். இப்போது எரிகிறது என்று வாயைத் திறந்தால் போதும், 'பாத்தீங்களா மாப்பிள்ளை, நான் அப்பவே சொன்னேன்' என்று ஆரம்பித்துவிடுவார். கசிந்த கேஸ், மெக்கானிக் சொன்ன சாட்சி எல்லாம் காற்றோடு போய்விடும். ஆயுசுக்கும் அவள்தான் பழுது.

நெற்றியில் வேர்வை அரும்புவது தெரிந்தது. சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றார் அவர்.

"குளிருது" என்றாள் அக்கா.

"குளிருதா!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் இருந்த தடித்த கம்பளியை எடுத்து வந்தார். அவளைக் கழுத்துவரை போர்த்தி, ஓரங்களைக் குழந்தைக்குச் செருகுவது போலச் செருகிவிட்டார். பிறகு மெக்கானிக் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, சூட்டை ஏற்றி வைத்தார். கம்பளிக்குள் அக்கா கொதித்துக்கொண்டு கிடந்தாள். அவள் சொன்ன ஒன்றை, எதிர்க் கேள்வி கேட்காமல், அந்த மனிதர் நம்பியது அதுதான் முதல் தடவை.