ஒன்பதரை வீசைத் தாள்

1958-ஆம் ஆண்டு சித்திரை இருபத்தொன்றாம் தேதி, பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைத் தராசில் வைத்த ஒரு வெள்ளைத்தாள் ஒன்பதரை வீசை, கிட்டத்தட்ட பதின்மூன்று கிலோ, நின்றது. அன்று சின்ன வெங்காயம் வரத்துக் குறைவு, கத்தரிக்காய் தாராளம். தாளை நிறுத்தவர் பால்வண்ணநாதன், அந்தச் சந்தையில் பதினான்கு வருடமாக எடை போடுகிறவர். தாளில் இருந்தது அவர் மனைவி குழல்வாய்மொழி வரைந்த அவளுடைய இடது கால். தேதி இருபத்திரண்டு என்று சொல்கிறவர்களும் உண்டு. எடையைப் பற்றி மட்டும் இரண்டு பேச்சு இல்லை.

குழல்வாய்மொழிக்குக் கால் மரத்தது 1955-இல், மகள் கோமதி பிறந்த ஏழாம் மாதம். தென்காசியில் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தவளின் இடது கால் மெட்டி வழியில் எங்கோ கழன்று விழுந்திருந்தது. விரலில் முள் தைத்து, வாசலிலிருந்து அடுப்படி வரை ரத்தம் பொட்டுப் பொட்டாக இருந்தது. இரண்டுமே அவளுக்குத் தெரியவில்லை. தென்காசியில் ஒரு டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் எழுதினார். திருநெல்வேலியில் ஒருவர் சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். வெயில் ஏற ஏறக் கால் கனத்தது. அடுப்படியில் அரைமணி நின்றால் கண் மங்கியது. ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்து, அந்தக் காற்று தென்காசித் தெருக்களுக்கு வந்ததும் பாதி நோவு இறங்கிவிடும். மாசி, பங்குனியில் மறுபடி ஏறும்.

அதுதான் அவளுக்கு வினையானது. பால்வண்ணநாதனின் அக்கா உலகம்மை, கணவனை இழந்து அந்த வீட்டிலேயே இருந்தவள், இதைக் கவனித்து வைத்திருந்தாள். "சித்திரையில குடம் தூக்கச் சொன்னா கால் வராது. சீசன் வந்து அருவியில குளிக்கணும்னா மட்டும் கால் வந்துரும். என்ன கால்ட்டி அது, நாளு பார்த்து வருது?" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொல்வாள். பால்வண்ணநாதன் அப்படியெல்லாம் பேசுகிறவரில்லை. ஒரு பூசணிக்காயைக் கையில் தூக்கிப் பார்த்து இத்தனை வீசை இருக்கும் என்று உத்தேசமாகச் சொல்லக்கூட அவருக்கு வாய் வராது. தராசு சொன்னால்தான் சொல்வார். "கால் கனக்குதுங்க" என்று மனைவி சொல்லும்போதெல்லாம் அவர் "எவ்வளவு கனக்கு?" என்று கேட்டார். அவர் கேலிக்குக் கேட்கவில்லை. அவளுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. மூன்று வருடம் இப்படிப் போயிற்று.

1958 பங்குனியில் உலகம்மை சங்கரன்கோவிலுக்குப் போய், உண்டியலில் போட ஒரு வெள்ளித் தகட்டுக் கால் வாங்கிக் குழல்வாய்மொழியின் கையாலேயே போட வைத்தாள். கால் சரியாகவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் குழல்வாய்மொழி, "மதினி, நாம போட்டது வலதுகாலு" என்று தயங்கிச் சொன்னாள். கடையில் கிடந்ததெல்லாம் ஒரே அச்சில் அடித்த வலதுகால்கள். "அதை அங்கன வச்சே சொல்லுததுக்கு என்ன? நல்ல காலைக் காட்டிட்டுக் கெட்ட காலுக்கு வரம் கேட்டா சாமி என்ன செய்யும்?" என்று உலகம்மை தலையில் அடித்துக்கொண்டாள். அந்த வாரம் அக்காவும் தம்பியும் பேசி ஒரு முடிவு செய்தார்கள். சரியான கால் ஒன்று செய்துபோட்டுப் பார்ப்பது. வைகாசி விசாகத்துக்குள் குணமாகாவிட்டால் குழல்வாய்மொழியை வீரகேரளம்புதூரில் அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவது. பிள்ளை இங்கேயே இருப்பது. அப்பா நல்லதம்பிக்குக் கடிதம் போய்விட்டது. சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு பெண் இருப்பதாக உலகம்மை சொன்னாள். பால்வண்ணநாதன் அதை மறுக்கவில்லை. குழல்வாய்மொழி இதையெல்லாம் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கோமதிக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை.

நகைவேலை செய்யும் ஆவுடையப்பன் ஆசாரி, இடதுகால் அச்சு தன்னிடம் இல்லை, தாளில் காலை வைத்துச் சுற்றிக் கோடு போட்டுக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார். கணவர் சந்தைச் சீட்டு எழுதும் ஊதாப் பென்சிலை எடுத்துக்கொண்டு குழல்வாய்மொழி தரையில் உட்கார்ந்தாள். தாளில் காலை வைத்து, பென்சிலைப் பாதத்தை ஒட்டி நகர்த்தினாள். பென்சில் தோலில் படுவது தெரியவில்லை. கால் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. பிறகு காலை எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த காலை வரைந்தாள். முழங்காலுக்குக் கீழே ஈர மணல் அடைத்த சாக்கு. கணுக்காலில் கொச்சக்கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. ஐந்து விரலும் ஒன்றாகப் பிசைந்த மாவாக இருந்தன. குதிகாலுக்கு உள்ளே எறும்பு, ஒவ்வொன்றாக, நூற்றுக்கும் மேல். அவள் அதற்கு முன் எதையும் வரைந்ததில்லை. முடிக்கச் சாயங்காலமாயிற்று.

தாளை எடுக்க வந்த உலகம்மையால் எடுக்க முடியவில்லை. "ஏட்டி, தரையோட ஒட்டியா வச்சிருக்க?" என்று கேட்டு, நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தாள். ஒட்டவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, குடத்தைப்போல இடுப்பில் வைத்துக்கொண்டு ஆசாரி கடைவரை நடந்தாள். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்தாள். ஆவுடையப்பன் ஆசாரி அதை வாங்கித் தன் மேசைமேல் போட்டார். மேசையின் ஒரு கால் முறிந்தது. அவர் தாளைக் குனிந்து பார்த்தார். "அக்கா, இந்தக் காலை வெள்ளியில அடிச்சா எடை நிக்காது. கோவில் மணி வார்க்கிறவன்கிட்ட கொண்டு போங்க" என்றார். உலகம்மை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

மறுநாள் காலை ரயிலில் பால்வண்ணநாதன் தாளைச் சாக்கில் கட்டிப் பாவூர்சத்திரம் கொண்டுபோனார். மூட்டை தூக்கும் மாடன், "தாளுக்கு எதுக்கு அண்ணாச்சி பெரிய தராசு? ஊதினா பறந்துரும்லா" என்று சிரித்துக்கொண்டே ஒரு கையை நீட்டியவன், "ஏ யம்மா" என்று மறுகையையும் கொடுத்தான். தட்டில் வைத்ததும் தட்டு தரையில் முட்டியது. பால்வண்ணநாதன் ஒரு வீசைக் கற்களை ஒவ்வொன்றாக எதிர்த்தட்டில் வைத்தார். சந்தையில் முதல் எண்ணிக்கையை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். பதினான்கு வருடத்தில் ஒரு நாளும் அவர் அதை மாற்றிச் சொன்னதில்லை. அன்றைக்குத் தாளைப் பார்த்தபடியே முதல் கல்லை வைத்தார்.

"ஒண்ணு."

வெங்காய மூட்டைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணாச்சி, லாபம் சொல்ல மறந்துட்டியளே" என்றான் மாடன்.

"மறக்கல. ரெண்டு."

ஒன்பதரையில் முள் நடுவே நின்றது. மூன்று தடவை நிறுத்தார், தட்டை மாற்றியும் நிறுத்தார். அன்று மத்தியானமே வீடு திரும்பிவிட்டார். மனைவி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "ஒன்பதரை" என்றார் அவர். "நான் பத்து இருக்கும்னு நெனச்சேன்" என்றாள் அவள். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டுத் தண்ணீரை அவர்தான் எடுத்தார். தெருவில் பெண்கள் வரிசையில் அவர் ஒருவர் மட்டும் ஆணாக நின்றதைப் பற்றிக் கொஞ்ச நாள் பேச்சு இருந்தது, பிறகு இல்லை.

போன கடிதம் போனதுதான். விசாகத்துக்கு மறுநாள் நல்லதம்பி வண்டி கட்டிக்கொண்டு வந்தார். "மகளைக் கூட்டிட்டுப் போகணும்னு எழுதியிருந்திய மாப்பிள்ளை" என்று வாசலிலேயே நின்று சொன்னார். உள்ளே வர அவருக்கு மனமில்லை. பால்வண்ணநாதன் தாளைக் கொண்டுவந்து மாமனார் கையில் வைத்தார். நெல் மூட்டை தூக்கிப் பழகிய கைகள் ஒரு முழம் கீழே இறங்கின. நல்லதம்பி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டார். "இதையா எம்புள்ளை மூணு வருசமா தூக்கிட்டு நடக்கா?" என்று கேட்டார். உலகம்மைதான் "ஆமா" என்றாள். வண்டி காலியாகத் திரும்பியது. சுந்தரபாண்டியபுரத்துப் பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளுக்கு அடுத்த தையில் கடையநல்லூரில் கல்யாணம் ஆயிற்று.

ஆனியில் முதல் சாரல் விழுந்த அன்று உலகம்மை யாரும் இல்லாத நேரத்தில் தாளைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கையில் வந்தது. பால்வண்ணநாதன் நிறுத்துப் பார்த்து இரண்டு வீசை என்றார். உலகம்மை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, "ஏட்டி குழலு, தலைக்கு வைக்கட்டுமா? குற்றாலம் போவோம். இப்பதான லேசா இருக்கு" என்றாள். அருவியில் தண்ணீர் குழல்வாய்மொழியின் வலது தோளில் குளிர்ந்து விழுந்தது, இடது தோளில் பஞ்சாக விழுந்தது. உலகம்மை அவள் இடதுபக்கமாக நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளி இடதுகாலும் பிறகு செய்து போட்டார்கள். சாமி எடுத்துக்கொண்டது. கால் அப்படியே இருந்தது.

அவள் வரைவதை விடவில்லை. 1959-இல் இடது கண் மங்கியபோது அந்தக் கண்ணை வரைந்தாள். அந்தத் தாளைச் சுற்றி இரண்டு முழத்துக்கு நடுப்பகலிலும் அந்தி நேரத்து வெளிச்சம்தான் இருந்தது. கோமதி அதன் பக்கத்தில் படுத்துத்தான் பகலில் தூங்குவாள். 1961-இல் இடுப்பைச் சுற்றி வார் போட்டு இறுக்கியதுபோல் வந்ததை வரைந்தாள். சுருண்ட அந்தத் தாளை இரண்டு ஆண்கள் சேர்ந்து பிரித்தாலும் கைவிட்டதும் சுருண்டுகொண்டது. கழுத்தைக் குனிந்தால் முதுகில் ஓடுவதை வரைந்த தாளைத் தொட்டவர்களுக்கு முழங்கைவரை சுரீர் என்றது. அந்த வீட்டுக்கு மின்சாரம் வந்தது 1963-இல்தான். சுத்தியலால் தட்டிய திருநெல்வேலி டாக்டர் ஒருமுறை குற்றாலத்துக்கு வந்தவர் விசாரித்து வந்து தாள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நோய்க்கு நீளமான ஒரு பெயர் சொன்னார், மருந்து இல்லை என்றும் சொன்னார். "நான் அன்னைக்குச் சரியாப் பாக்கலம்மா" என்றார். அவள் அவருக்கு மோர் கொடுத்தாள்.

கை நடுக்கத்தால் தறியை விட்ட யாக்கூப் என்ற நெசவாளி, தன்னுடையதையும் வரைந்து தரச் சொல்லிக் கேட்டு வந்தார். "உங்க நோவு எனக்குத் தெரியாதே அண்ணாச்சி. நீங்களே போடுங்க" என்று பென்சிலைக் கொடுத்தாள். "கோடு நேரா வராதேம்மா" என்றார் அவர். "நேரா வந்தா பொய்யில்லா" என்றாள். யாக்கூபின் கோடு தாளில் இன்றைக்கும் நடுங்கிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். அதை அவர் மகன் கடையில் மாட்டியிருக்கிறான்.

வலது கை போனபின் அவள் இடது கையால் வரைந்தாள். கடைசித் தாள் 1967-ஆம் வருடத்தது. தை முதல் சித்திரை வரை, ஒரு நாளைக்கு ஐந்து கோட்டுக்கு மேல் முடியாமல், தன்னை முழுதாக வரைந்தாள். அப்போது வீசை போய்க் கிலோ வந்திருந்தது. வண்டி பிடித்துச் சந்தைக்குக் கொண்டுபோய் நிறுத்தார் பால்வண்ணநாதன். அறுபத்தொரு கிலோ. அவளும் கூடப் போயிருந்தாள். மூட்டைத் தராசில் அவளை உட்கார வைத்தபோது, "என்னைச் சந்தையில போட்டுட்டியளே" என்று சிரித்தாள். முப்பத்தெட்டு கிலோ இருந்தாள். இரண்டையும் அவர் ஒன்று என்று தொடங்கித்தான் நிறுத்தார்.

அந்தத் தாள் இப்போது கூடத்தில் வடக்குச் சுவரோரம் தரையில் கிடக்கிறது. சித்திரையில் அதை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். நகர்த்த அவசியமில்லாததால் அதைச் சுற்றித்தான் பெருக்குகிறார்கள். குற்றாலத்தில் கடை போடுகிறவர்கள் வைகாசி முடிவில் ஆள் அனுப்பி, தாள் அசைந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் பந்தல் கட்டுகிறார்கள். அதை வரைந்து முடித்த வருடம் ஆனி மூன்றாம் தேதி மத்தியானம் மேற்கே மலை மறைந்தது. ஜன்னல் வழியே ஈரக்காற்று வந்தது. தாளின் ஓரம் ஒருமுறை எழுந்து படுத்தது, பிறகு முழுத்தாளும் சரசரத்துத் தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பியது. "அத்தை, சீசன் வந்துட்டு" என்று கோமதி உள்ளே குரல் கொடுத்தாள். பால்வண்ணநாதன் எழுந்து, மனைவியின் கைத்தடியை அவள் இடது கையில் கொடுத்தார். அவள் தானே எழுந்து வாசல்வரை நடந்தாள். அவர் ஒரு கூழாங்கல்லைத் தேடி எடுத்து, தாள் பறந்துவிடாமல் அதன் நடுவில் வைத்தார்.

"லாபம்" என்றார்.