ஹில்லி வீட்டுக் கதகதப்பு

ஹில்லி இரண்டாவது பிஸ்கட்டை நீட்டியபோதே சீப்ரெனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. காப்பிக்கு ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடிவிடுவதுதான் நெதர்லாந்தின் அசென் ஊர் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரி இத்தனை தாராளம் காட்டினால் சும்மாவா இருக்கும்?

தெரு முழுக்க சுவரோடு சுவர் சேர்ந்த ஒட்டுவீடுகள். எல்லாம் குடியிருப்புச் சங்கத்துக்குச் சொந்தம். வீட்டைச் சூடாக்கும் எரிவாயுக் கொதிகலனைக் கழற்றிவிட்டு மின்சாரத்தில் ஓடும் வெப்ப இயந்திரம் வைக்கப்போகிறார்களாம். வாடகை ஏறும், சூடேற்றும் செலவு இறங்கி அதைச் சரிக்கட்டிவிடும் என்றார்கள். மாதிரிக்கு ஹில்லி வீட்டில் பொருத்தி, போன குளிர்காலத்தில் அவளுக்கு ஆன குறைந்த செலவைக் காட்டி ஒவ்வொரு வீடாகச் சம்மதம் கேட்டார்கள். செலவு இறங்காவிட்டால் சீப்ரெனின் ஓய்வூதியத்துக்கு அந்த வீடு கட்டுப்படியாகாது. வயதான காலத்தில் வேறெங்கே போவது?

சங்கம் ஹில்லிக்கு ஏதோ கொடுக்கிறது என்று அவன் முடிவே கட்டிவிட்டான்.

"உன் கண்ணுக்கு யாருமே யோக்கியமில்ல," என்றாள் மனைவி ரென்ஸ்கே. "அவ வீடு நெஜமாவே கதகதன்னுதானே இருக்கு?"

அந்தக் கதகதப்புதான் அவனை உறுத்தியது. அடுத்த முறை காப்பிக்குப் போனபோது, அவள் சமையலறைக்குள் போன நேரம் பார்த்துச் சுவர்களைத் தடவினான். ஹில்லிக்கு மறுபக்கத்து வீட்டார் குளிர்காலம் முழுக்க ஸ்பெயினில் கிடப்பவர்கள். அவர்கள் பக்கத்துச் சுவர் சில்லென்றிருந்தது. தன் வீட்டை ஒட்டிய சுவரோ இதமாக இருந்தது.

அவனுக்குப் பொறி தட்டியது. தெருக்காரர்கள் ஹில்லி வீட்டைப் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்பே தன் கொதிகலனை அணைத்துவிட்டான். ரென்ஸ்கே போர்வைக்குள் சுருண்டுகொண்டு அவனை வாய் ஓயாமல் வைதாள்.

நினைத்தபடியே நடந்தது. ஹில்லி வீட்டு வெளிப்புறம் இயந்திரம் விடாமல் இரைந்தது. உள்ளே வந்தவர்கள் கோட்டைக் கழற்றவில்லை. கொதிகலனை அணைத்ததைச் சொல்லி, இத்தனை நாளும் தன் எரிவாயுதான் இந்த வீட்டுக்கும் சேர்த்து எரிந்தது என்று சீப்ரென் போட்டு உடைத்தான். ஒருவரும் கையெழுத்துப் போடாமல் கலைந்தார்கள்.

அவன் மட்டும் நின்றான். "இப்பவாவது சொல்லு. சங்கம் உனக்கு என்ன குடுத்துச்சு?"

"குடுக்கறதா?" ஹில்லி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்குந்தான் வாடகையை ஏத்திட்டாங்க. ரெண்டு நாளா மீட்டர் ஓடற ஓட்டத்தைப் பார்த்து எனக்குத் தூக்கமே இல்ல. மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

அவன் கோட்டுப் பொத்தானைப் போட்டபடி வாசல் பக்கம் நகர்ந்தான்.

"என் வீட்டு கேஸ் லைனையே எடுத்துட்டாங்க, இனி திரும்ப வராது, சீப்ரென். வெளியூர் போறப்ப முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடு."

சீப்ரெனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்து கொதிகலனைப் போட்டான். எப்போதும் வைப்பதைவிட ஒரு டிகிரி கூட்டியே வைத்தான்.