ஏசி ஹாலில் பானிபூரி

ஒரு சமுதாயம் தலைநிமிர்ந்து நிற்பது, அதன் பெண்கள் எந்த நாற்காலியில் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. ராமுத்தாய் இதை இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. "மாடியிலதான் உக்காருவோம். காத்து சில்லுனு வரும்" என்றாள்.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் 'ராஜகிரீடம் உயர்தர சைவ உணவகம்' கட்டியிருந்த பேனர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். 'வட இந்திய வீதி உணவுத் திருவிழா. மாடி ஏசி ஹாலில் மட்டும்.'

ராமுத்தாய், ஈஸ்வரி, நஜீமா மூவரும் ஏலக்காய் குடோனில் காய் பிரிக்கிறவர்கள். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் காயைக் கொட்டி, நல்ல பச்சை தனியாக, வெடித்தது தனியாகப் பகல் முழுக்கப் பொறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் கேட்டில் காக்கிச்சட்டை வாட்ச்மேன் முன்னால் மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும். யாரும் காயை ஒளித்துக் கொண்டுபோய்விடக் கூடாதல்லவா? வருஷக்கணக்காக உதறி உதறி, சாமியைக் கண்டால் கும்பிடுகிற மாதிரி ஆகிவிட்டது. கை தானாகப் போகும்.

அன்று அரைநாள்தான் சோலி. நேராக ஓட்டலுக்கு வந்துவிட்டார்கள். மாடிப்படியின் அடியில் மேனேஜர் அன்புச்செல்வன் நின்றிருந்தார். டை கட்டியிருந்தார், கழுத்து அதற்கு ஒத்துழைக்கவில்லை.

"கீழ உக்காருங்கம்மா. தயிர்சாதம், பரோட்டா எல்லாம் சூடா இருக்கு."

"பேனர்ல போட்டிருக்கதத் திங்க வந்தோம் அண்ணே" என்றாள் ராமுத்தாய்.

"அது வீதி உணவும்மா."

"நாங்களும் வீதியில இருந்துதான வர்றோம்?" என்றாள் நஜீமா.

அன்புச்செல்வன் மூக்கைச் சுருக்கினார். மூவர் மேலிருந்தும் ஏலக்காய் வாசம். அதே வாசம் பாயசத்தில் வந்தால் 'ஸ்பெஷல்' என்று எழுதி வைக்கிறவர்தான்.

"உங்களுக்கு ஒத்துக்காதும்மா. போன வாரம் இப்படித்தான் சில பேரு வந்தாங்க. ஒண்ணக் கடிச்சுப் பாத்துட்டு மிச்சத்தை அப்படியே வச்சுட்டுப் போயிட்டாங்க. உணவை வீணாக்குறது எங்க நிர்வாகக் கொள்கைக்கு ஆகாது."

ராமுத்தாய்க்குச் சுருக்கென்றது.

"மேல வந்து எந் தட்டைப் பாருங்க. ஒரு பூரி மிச்சம் இருந்தாலும் இந்தப் படியை இனிமே மிதிக்க மாட்டேன். மிச்சம் இல்லாட்டி, யாரு வந்தாலும் மறிக்காம மாடிக்கு விடணும். சரியா?"

தோசை தின்றுகொண்டிருந்தவர்கள் கையைத் தட்டில் வைத்தபடியே திரும்பினார்கள். அன்புச்செல்வன் அவர்களைப் பார்த்துக்கொண்டே 'சரி' என்றார்.

மாடியில் ஒரு தள்ளுவண்டி, சக்கரத்தைத் தரையோடு ஆணியடித்து. சுவர் முழுக்க ஏதோ வடக்கத்தித் தெருவின் படம். கீழே தெருத் தூசிக்குத் தப்பி வந்தவர்கள், மேலே படத்தில் இருக்கிற தூசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்.

பானிபூரி வந்தது. மொறுமொறு பூரி ஒரு பக்கம், உருளைக்கிழங்கு மசாலா ஒரு பக்கம், சின்னச் சட்டியில் பச்சைத் தண்ணீர்.

"எப்படிடி திங்கிறது?" என்றாள் ஈஸ்வரி.

"நான் மதுரையில எத்தனை தின்னுருக்கேன், என்னையப் பாத்துத் தின்னு" என்றாள் ராமுத்தாய். மதுரையில் அவள் பானிபூரியைப் பார்த்திருந்தாள், பஸ் ஜன்னல் வழியாக.

ஒன்றை உடைத்து, நிரப்பி, முக்கி, முழுசாக வாய்க்குள் தள்ளினாள். புதினாவும் பச்சை மிளகாயும் மூக்கு வழியாக வெளியே வரப் பார்த்தன. கண்ணில் நீர் கட்டியது. "அருமை" என்றாள்.

ஈஸ்வரி பாதியில் கடித்ததால் தண்ணீர் முழங்கை வரை ஓடியது. நஜீமா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஆத்தாடி, அப்பளத்துல ரசத்தை ஊத்திக் குடிக்கிற மாதிரில்ல இருக்கு! அண்ணே, எனக்கு இன்னொரு தட்டு கொண்டாங்க. வெரசா!" என்றாள் நஜீமா.

பக்கத்து மேசைக்காரர்கள் முள்கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையால் தின்ன ஆரம்பித்தார்கள். அன்புச்செல்வன் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ராமுத்தாயின் தட்டையே பார்த்தார். அவள் தொண்டை எரிய எரிய, அவரை முறைத்துக்கொண்டே தின்றாள். நடுவில் அவர் போன் அடித்தது. ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசிவிட்டு வந்தார்.

தட்டு காலி. ராமுத்தாய் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"பாத்துக்கங்க அண்ணே."

அன்புச்செல்வன் டையைத் தளர்த்தினார்.

அவர்கள் கீழே இறங்கியபோது, சிலமலைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் மண் ஒட்டிய காலோடு படியை அண்ணாந்து பார்த்தபடி நின்றது.

"மாடிக்குப் போங்க ஆத்தா. யாரும் மறிக்க மாட்டாக" என்றாள் ராமுத்தாய், ஓட்டலையே விலைக்கு வாங்கியவள் போல. "என்ன அண்ணே?"

"போங்க, போங்க" என்றார் அன்புச்செல்வன். அவர்கள் ஏறினார்கள். மூன்று பேரும் நெஞ்சை நிமிர்த்தி வாசலுக்கு நடந்தார்கள். அன்புச்செல்வனும் மரியாதைக்குப் பின்னாலேயே வந்தார்.

வாசலில் காக்கிச்சட்டை போட்ட வாட்ச்மேன் கண்ணாடிக் கதவைத் திறந்து சல்யூட் அடித்தார்.

மூவரும் நின்றார்கள். மூவரும் மடியை அவிழ்த்து உதறினார்கள்.

ராமுத்தாயின் மடியிலிருந்து ஒரு பூரி விழுந்தது. உடையவில்லை.