பதினோராவது பாய்

சவப்பெட்டிக்கு அடியில் விரித்த பத்தாவது பாயின் மூலையை இழுத்துவிட்டாள் வசிதி. எல்லாம் வண்ண நூல் குஞ்சம் வைத்த பாய்கள். துக்கம் கேட்க வந்த தீவுத் தலைநகரான சுவாவின் சபைக் குடும்பங்கள் வழக்கப்படி கொண்டுவந்து வைத்தவை. அவற்றின்மேல், பெட்டிக்குள், அவளுடைய தாய்மாமன் இலியேசா. இதே தேவாலயத்தின் வராந்தாவில் மூன்று வருடம் அட்டையை விரித்துப் படுத்தவர். உயிரோடு இருந்தபோது ஒரு கிழிந்த பாய்கூட எவரும் கொடுக்கவில்லை.

"எத்தனை பாய் பாத்தியா! ராஜ மரியாதைடி உன் மாமாவுக்கு," என்றாள் மகளிர் சங்கத் தலைவி செருவையா.

"ஆமாக்கா. இனிமே அவருக்கு முதுகு வலிக்காது."

செருவையா பாயின் குஞ்சத்தைக் கோதிவிட்டாள். வராந்தாவுக்கு இரும்புக் கதவு போட வேண்டும் என்று ஆரம்பித்ததே அவள்தான். நாற்றமாம். கல்யாண வீட்டார் முகம் சுளிக்கிறார்களாம். சபையே தலையாட்டியது. சாவி, சங்கச் செயலாளர் என்று வசிதியிடம் வந்தது. அவளும் வாங்கிக்கொண்டாள். மாமா, துறைமுகத்தில் கால் நசுங்கி வேலை போன நாளிலிருந்து, சகோதரி மகள் வீட்டில் பாரமாக இருக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர். கதவைப் பூட்டினால் வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நினைத்தாள். அவர் வரவில்லை. சந்தைக் கூரை ஓரத்தில் மூன்று வாரம் மழையில் கிடந்தார். நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் இரண்டே நாள்.

போதகர் எழுந்து நின்றார். "நகரமே, உன் தெருவில் கிறிஸ்து படுத்திருக்கிறார்! ஏழைகளின் பக்கம் நில்!" கதவு போட்ட ஞாயிற்றுக்கிழமையும் இதையேதான் சொன்னார், குரல்கூட மாறவில்லை.

வாசலில் சலசலப்பு. மாமாவோடு தெருவில் படுத்த திமோதி, நனைந்த சட்டையோடு வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடித்த அட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, பாய் வைப்பதைப் போலவே இரண்டு கையாலும் முன்னால் வைத்தான்.

"எங்ககிட்ட பாய் இல்லீங்க. இது அவரோடது. ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்போ எடுத்து வச்சேன். ரோட்டுக்காரங்க சார்பா வாங்கிக்கணும்."

"குப்பையை எல்லாம் உள்ள கொண்டு வராதப்பா, வெளிய வை!" என்றாள் செருவையா.

வசிதி எழுந்துபோய் அவனெதிரே உட்கார்ந்தாள். அட்டையை இரண்டு கையாலும் தொட்டு, காணிக்கையை ஏற்கும் வழக்கப்படி கை தட்டினாள். "மாமா குடும்பத்து சார்பா வாங்கிக்கிறேன். நன்றிண்ணே."

பிறகு பெட்டியருகே நின்ற தன் தம்பிகளைப் பார்த்தாள். "பெட்டியைத் தூக்குங்கடா. பாய்க்கெல்லாம் மேல இதை விரிக்கணும்."

"வசிதி, பிரசங்கம் முடியட்டும்மா," என்றார் போதகர்.

"முடிஞ்சிடுச்சு பாஸ்டர். தெருவுல கிறிஸ்து படுத்திருக்கார்னீங்க. படுத்திருந்தது எங்க மாமா. நீங்க எல்லாரும் பூட்டச் சொன்னீங்க, பூட்டினவ நான். சாவி இதோ என் பையில இருக்கு. அழுறதுன்னா அதுக்கு அழுங்க!"

தம்பிகள் பெட்டியைத் தூக்கினார்கள்; வசிதி அட்டையை அதன் அடியில் விரித்தாள்.

அட்டை மாமாவோடு குழிக்குள் போயிற்று. அடக்கம் முடிந்து திரும்பியதும் வசிதி சாவியால் இரும்புக் கதவைத் திறந்து, பாய்களை ஒவ்வொன்றாக வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

"அடியே, அது சொந்தக்காரங்களுக்குப் பங்கு பிரிக்கிற பாய்டி!" என்று செருவையா ஓடிவந்தாள்.

"பிரிச்சாச்சு."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. திமோதி படியிலேயே தயங்கி நின்றான். வசிதி கடைசிப் பாயின் சுருக்கத்தை நீவிவிட்டாள். அவன் படியில் உட்கார்ந்தான். சட்டை நுனியைப் பிழிந்து, சேறு படிந்த பாதத்தைத் துடைத்தான். பிறகு மற்றதையும் துடைத்தான்.