சவுக்குமலை லயம் திரும்பிய விவரம்

சவுக்குமலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில், தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் பன்னிரண்டு காம்பரா வரிசை வீடான லயம், எம்.பி. சுதாகரன் பாராளுமன்றத்தில் பக்கம் மாறும் ஒவ்வொரு தடவையும் தானும் திரும்பிக்கொண்டது. அவர் ஆளுங்கட்சி வரிசையில் இருந்தால் வாசல்கள் ரோட்டைப் பார்க்கும். எதிர்க்கட்சி வரிசைக்குப் போனால் மண்மேட்டைப் பார்க்கும். விடியற்காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும் சங்கு ஊதுவதற்குச் சற்று முன், தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் லயம் திரும்பும். உள்ளே படுத்திருப்பவர்கள் விழிக்க மாட்டார்கள், பானைத் தண்ணீர் தளும்பாது. வெளியே இருக்கும் கோழிக்கூடும் விறகுக் கட்டும் மட்டும் திரும்பாமல் அப்படியே கிடப்பதால், காலையில் கோழியைத் திறந்துவிடப் போகிறவர்கள் லயத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த வருடம் கொழுந்து குறைந்ததைப் பற்றித்தான் பேசினார்கள்.

இதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். முந்திய தேர்தலின்போது சுதாகரன் வெள்ளை வேட்டியில் வந்து, பழைய ஃபேக்டரிச் சக்கரத்தடியில் இருக்கும் ரோதமுனி சாமி முன்னால் நின்றார். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் வீரய்யா முதல் ஆளாகப் போய், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, எந்தப் பக்கம் நின்றாலும் ஐயாவோடுதான் என்று சத்தியம் செய்தார். காம்பராவுக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் அப்படிச் செய்தார்கள். ஏழாம் காம்பராவுக்காக அடித்தவள் அம்மாக்கண்ணு, கொழுந்து எடுப்பவள். ஓட்டுப் போடுகிறவர்கள் சத்தியம் செய்வதுதான் தோட்டத்து வழக்கம். ஓட்டுக் கேட்டு வந்தவரைச் சூடம் அடிக்கச் சொல்ல அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. சுதாகரன் கும்பிட்டார், எல்லோருக்கும் ஏழு பேர்ச்சஸ் அளவுத் துண்டுக் காணியில் தனி வீடு என்றார், ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வீடு அம்மாக்கண்ணுவுக்கு ஆடம்பரம் அல்ல. லயம் திரும்பும்போதெல்லாம் அதன் மூலை மண்மேட்டின் அடியைக் கொஞ்சம் சுரண்டிவிடும். இரண்டாவது தடவை திரும்பியதில் அவளுடைய காம்பராச் சுவர் கூரையிலிருந்து தரைவரை வெடித்தது. மண்சரிவு பார்க்கும் அதிகாரிகள் வந்து பார்த்து, இங்கே இருக்கக் கூடாது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள், எங்கே இருக்கலாம் என்று எந்த மொழியிலும் சொல்லவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பிரியந்தி படுப்பதற்கு வேறு இடமில்லாமல் அந்த வெடிப்பின் கீழேதான் படுத்தாள். பிள்ளை பிறப்பதற்குள் அந்தச் சுவரை விட்டுப் போய்விட வேண்டும் என்பதே அம்மாக்கண்ணுவின் ஒரே நினைப்பாக இருந்தது. சுதாகரனின் ஆட்கள் ரோட்டுக்கு அப்பால் இருந்த மேட்டில் இரண்டு அடிக்கல் நட்டிருந்தார்கள். அடிக்கல்லுக்குப் பின்னால் வீடு வரும் என்று அவள் மனதார நம்பினாள்.

அப்போதுதான் கொழும்பில் ஒரே நேரத்தில் இரண்டு பிரதமர்கள் உண்டானார்கள். ஒருவர் தன்னை நீக்கவே முடியாது என்றார், மற்றவர் பதவிப் பிரமாணமே எடுத்தாயிற்று என்றார். லயத்துக்கு எது அரசாங்கம், எது எதிர்க்கட்சி என்று பிடிபடவில்லை. பாதி திரும்பி, கடைசிக் காம்பரா மண்மேட்டில் இடிக்க, குறுக்காக நின்றுவிட்டது. சுதாகரனோ காலையில் ஒரு பிரதமரோடும் மாலையில் மற்றவரோடும் பேசிக்கொண்டிருந்தார். அதனால் லயம் விடிகிற நேரமெல்லாம் இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் என்று ஆடியது, வெடிப்பில் கை நுழைகிற அளவுக்கு இடம் வந்தது.

ஹட்டனில் இரும்புக்கடை வைத்திருக்கும் சரிபுதீன் கடை டிவியில் பாராளுமன்றத்தைப் போட்டுவிடுவார். சம்பள நாளில் சாமான் வாங்கப் போன அம்மாக்கண்ணு அங்கே நின்றுதான் விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். பிரதமர் என்றால் தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை மாதிரி, மேலிடம் அனுப்பினாலொழிய அசைக்க முடியாது என்றுதான் தோட்டத்தில் நினைத்திருந்தார்கள். சரிபுதீன் அப்படியில்லை என்றார்.

“நூத்திப் பதிமூணு பேரு கை தூக்கினாத்தான் அவரு பிரதமர். ரெண்டு பக்கமும் இப்ப ஆள் பத்தல. ஒங்க எம்.பிக்கு இந்த வாரம் மாதிரி மவுசு இனி வராது. கேக்கிறதுன்னா இப்பவே கேளுங்க.”

அம்மாக்கண்ணு வீரய்யாவைக் கூட்டிக்கொண்டு நேரே சுதாகரனின் ஹட்டன் ஆபீசுக்குப் போனாள். அவர் இரண்டு கைபேசிகளை மேசையில் வைத்துக்கொண்டு, எது முதலில் அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்டப் பத்தி கேட்டீங்களாங்க?”

“அமைச்சுப் பதவி பேசிக்கிட்டு இருக்கோம்மா. வாகனம், ஆளணி எல்லாம் பேசணும். இதுக்கு நடுவுல வீட்டுப் பேச்ச எடுத்தா நல்லாவா இருக்கும்?”

“அப்ப இதுவரைக்கும் ஒரு தடவகூட கேக்கல?”

அவர் கைபேசியைத் திருப்பி வைத்தார். அம்மாக்கண்ணு மேசைக்கு நெருங்கி நின்றாள். மகள் தலைக்கு மேலே சுவர் வெடித்தது இந்த மனிதனுக்கு ஒரு வண்டி கிடைப்பதற்காகவா? வீடு வேண்டாம், சத்தியத்திலிருந்து எங்களை விட்டாவது விடுங்கள் என்றாள். சத்தியத்தை வாங்கியவரே செய்தவர் நெற்றியில் திருநீறு பூசினால் சத்தியம் இறங்கிவிடும் என்பது ரோதமுனி வழக்கம். மடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

சுதாகரன் பொட்டலத்தைப் பார்த்துச் சிரித்தார். “நான் பூசிட்டா அடுத்த தேர்தல்ல நீங்க என்கூட நிப்பீங்களா? லயம் ஆடுறது எனக்கும் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

தெரியும் என்று அவர் சொன்னதைத்தான் அவளால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் வீரய்யா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, “நாந்தான முதல்ல போயி சூடம் அடிச்சேன்,” என்றார்.

அடுத்த வாரம் இரண்டு பிரதமர்களில் ஒருவர் சுதாகரனை வீடமைப்புக்கு அமைச்சராக்கினார். அந்தப் பதவி செல்லுமா என்று தீர்வதற்கு முன்பே அவர் கேமராக்காரர்களோடு சவுக்குமலைக்கு மூன்றாவது அடிக்கல் நட வந்தார். பூஜை முடிந்தது. அம்மாக்கண்ணு ரோதமுனி சாமியின் பூசாரியிடம் முன்கூட்டியே பேசியிருந்தாள். பூசாரி திருநீற்றுத் தட்டைச் சனத்திடம் கொண்டுபோகாமல் அமைச்சரின் கையில் கொடுத்து, “ஐயா கையாலேயே குடுங்க,” என்றார். பன்னிரண்டு பேர் வரிசையில் வந்து தலை குனிந்தார்கள். சுதாகரன் முதலில் வீரய்யாவுக்குப் பூசினார். அடுத்தவரும் அன்றைக்குச் சூடம் அடித்தவர் என்று பிடிபட்டதும் விரல் நின்றது. கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஏழைச் சனத்தின் நெற்றியிலிருந்து கையை இழுத்துக்கொண்ட அமைச்சர் என்று மாலைச் செய்தியில் வந்தால் என்ன ஆகும்? பூசினார். அம்மாக்கண்ணு ஏழாவதாக வந்தாள். அவளுக்கு அவர் அவசரமாகப் பூசியதில் அவள் மூக்கிலும் கொஞ்சம் திருநீறு விழுந்தது.

அந்த மாதமே சண்டை தீர்ந்து கொழும்பில் ஒரே ஒரு பிரதமர் மிஞ்சினார். அவர் சுதாகரனை அமைச்சராக்கியவர் அல்ல, மற்றவர். சுதாகரன் இரவோடு இரவாக அவரிடம் தாவினார், அதே பதவியைத் திரும்ப வாங்கினார். செய்தி கேட்டதும், லயம் திரும்பிவிடுமோ என்று பன்னிரண்டு குடும்பமும் பாய் தலையணையோடு வெளியே வந்து பனியில் நின்றன. நிறைமாசமாக இருந்த பிரியந்தி போர்வைக்குள் நின்றாள். விடிந்தது. லயம் அசையவில்லை. சங்கு ஊதியது. பெண்கள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார்கள்.

லயம் இன்றைக்கும் அப்படியே குறுக்காகத்தான் நிற்கிறது, எந்த அரசாங்கத்தையும் பார்க்காமல். மழை பெய்தால் கடைசிக் காம்பராவில் சேறு வருகிறது. சுதாகரன் அதன் பிறகும் இரண்டு தடவை மாறிவிட்டார், அமைச்சராகவும் இருந்தார். ஏழு பேர்ச்சஸ் வரவில்லை. பிரியந்தியின் பிள்ளை அதே சுவரின் கீழே பிறந்து வளர்கிறது, வெடிப்பில் அம்மாக்கண்ணு சிமெந்து பூசியிருக்கிறாள். ஊர்ப் பெண்கள் சேர்ந்து மூன்று அடிக்கல்லையும் பெயர்த்து எடுத்து வந்தார்கள். அவற்றில் சுதாகரனின் பெயர் பெரிதாக வெட்டிய கல், ஏழாம் காம்பராவின் வாசற்படியாகக் கிடக்கிறது. எழுத்துள்ள பக்கத்தைத்தான் மேலே வைத்தார்கள். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குக் கால் சேற்றைத் தேய்த்துவிட அந்த வெட்டுகள் வசதியாக இருக்கின்றன.