வலப்பக்கத்து ஜன்னல்

மூணு வாரமாக லோஜினி பெற்ற தாய் ஷாமிலாவிடம் வாய் திறக்கவில்லை. ஒன்பது வயசுதான், ஆனால் பிடிவாதம்னா அப்படியொரு பிடிவாதம். சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன் என்று ஷாமிலா சொன்ன அன்றைக்கு மூடிய வாய். கிளம்புவதற்கு முதல் நாள்தான், அதுவும் அப்பனைப் பார்த்துச் சொன்னாள்.

"பிளேன் நம்ம தோட்டத்துப் பக்கந்தானே போவுது? மழைக்குக் கூரை மேல விரிக்கிற பெரிய படங்கை நான் பாறை உச்சியில விரிப்பேன். என்னா கலருன்னு போய் எறங்குனதும் சொல்லட்டும். அப்பறந்தான் பேசுவேன்."

அம்மாடி, இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது! ஆனால் புருஷன் விஜிதரன் அதைச் சின்ன விஷயமாக எடுக்கவில்லை. அம்மா போகப்போகும் பிளேனை மகளுக்குக் காட்டுவதற்காக ஏற்கெனவே வட்டகொடை ஸ்டேஷன் மேட்டில் நாலைந்து காலை நின்று அண்ணாந்து பார்த்தவன் அவன். பிளேன் தேயிலைத் தோட்டத்துக்கு வடக்கால போகிறது, அப்படியானால் தோட்டம் வலப்பக்கம் விழும். அன்றைக்கே தலவாக்கலைக்கு ஓடி, கம்யூனிகேஷன் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இறக்கை மறைக்காத இடமாகப் பார்த்து, வலப்பக்கத்து ஜன்னல் சீட்டை எடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் ஷாமிலா பிளேனில் ஏறிப் பார்த்தால், அந்தச் சீட்டில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறார்.

பன்னிரண்டு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் அவள். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, கங்காணி எந்த நிரையைக் காட்டுகிறாரோ அந்த நிரையில் ஏறுவாள். தன் நிரையில் வேறொருத்தி புகுந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் ரெண்டு பேருக்கும் அரைப்பேர்தான், பாதி நாள் வேலை செய்ததாகத்தான் கணக்கு. அந்தப் பழக்கம் சும்மா விடுமா? இங்கே கங்காணியும் இல்லை, மலையும் இல்லை. ஆனாலும் பைத்தியக்காரி, பேசாமல் நடுச் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

கதவைச் சாத்தினார்கள். பெல்ட்டைப் போடச் சொன்னார்கள். அந்த மனுஷன் ஒரு கண்ணைத் திறந்து ஜன்னல் மூடியையும் இழுத்து இறக்கினார்.

அவ்வளவுதான், அவள் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"மாத்தயா, மேக மகே சீட் எக்க!"

என் சீட்டு இது என்று சிங்களத்தில் அவள் போட்ட சத்தத்தில் முன்வரிசைத் தலைகளெல்லாம் திரும்பின. எல்லாச் சீட்டும் ஒன்றுதானே என்று அவர் சிரித்தார்.

"ஒன்னில்ல!" அதற்குமேல் சிங்களம் வரவில்லை, தமிழ்தான் வந்தது. "என் புள்ள அங்க நிக்கிது!"

பணிப்பெண் ஓடிவந்து, சீட்டு நம்பரைப் பார்த்து அவரை எழுப்பிவிட்டாள். ஷாமிலா ஜன்னலோரம் நகர்ந்து மூடியை மேலே தள்ளினாள்.

கட்டுநாயக்க ஏர்போர்ட்டுத் தென்னைகள் கீழே போயின. கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். அஞ்சு நிமிஷம். எட்டு நிமிஷம். மலைப்பச்சை தொடங்கியதும் மூட்டமும் தொடங்கியது. முருகா, ஒரே ஒரு நிமிஷம் விலக்குப்பா என்று கெஞ்சினாள். விலகவில்லை. தூரத்தில் சிவனொளிபாதமலையின் முனை மட்டும் வெள்ளைக்கு மேலே தெரிந்தது. அப்புறம் கடல் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

இறங்கி ஃபோனைப் போட்டதும் விஜிதரனின் மெசேஜ். 'நீலப் படங்கு. நீலம்னு சொல்லிரு. நான் சொன்னது புள்ளைக்குத் தெரியாது.'

அப்பாடா! இதைவிட லேசான வேலை உண்டா? வீட்டுக்குக் கோல் எடுத்தாள். ஃபோனை எடுத்தது லோஜினிதான்.

"கலரு?"

நீலம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் பிள்ளை பேசும். ஆனால் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அம்மா ஃபோனில் சொல்வதை மட்டுமே நம்பி இருக்கப்போகிற பிள்ளை. முதல் பேச்சே பொய்யா?

"தெரியலடி. ஜன்னல்லதான் இருந்தேன், கண்ணையே எடுக்கல. ஒரே மூட்டம். ஒன்னையும் பாக்கல, தோட்டத்தையும் பாக்கல."

மகள் ஃபோனை வைத்துவிட்டாள் என்றே ஷாமிலா நினைத்தாள். பின்னால் வந்தவர்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள்.

"எனக்கும் பிளேன் தெரியலம்மா," என்றாள் லோஜினி. "சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. சத்தம் போற பக்கமெல்லாம் படங்கத் தூக்கிக் காட்டிக்கிட்டே ஓடுனேன்."